கற்பூரவள்ளியில் கற்பூரம் இல்லை

என் மூத்த சகோதரி ராத்தாவின் மகளுக்கு வலிப்பு வந்த அன்று நான் கண்டக்குழி வீட்டில்தான் இருந்தேன். பல்கலைக்கழகத்தில் எனக்கு அது இறுதி ஆண்டு. விடுமுறைக்கு வந்திருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொன்னாலும், உண்மையில் இலை பறிக்கத்தான் வந்திருந்தேன்.

என் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட செடி கற்பூரவள்ளி. புதினாவும் துளசியும் சேர்ந்த குடும்பத்தில் அதுவும் ஒன்று. தடித்த இலை, மேலே மெல்லிய மயிர், கிள்ளினால் விரலைவிட்டு லேசில் போகாத மணம். எங்கள் புத்தளக் கரையில் உப்புக் காற்றில் வளரும் செடிக்கும் எலுவன்குளத்துக் குளக்கட்டு மண்ணில் வளரும் செடிக்கும் இரசாயனத்தில் வித்தியாசம் உண்டா என்பதுதான் கேள்வி. இரண்டு இடத்து இலைகளையும் நிழலில் உலர்த்தி, தனித்தனிப் பைகளில் போட்டு ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

போர் முடிந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கையில் குறிப்பெழுதும் கொப்பியும் பையுமாக வேலியோரம் குனிந்து நிற்கும் யாரையும் எங்கள் பக்கத்தில் சும்மா விடமாட்டார்கள். காணி அளக்க வந்தவளா, ஹோட்டல்காரர்கள் அனுப்பிய ஆளா என்று கேட்பார்கள். ஆலங்குடாக் கடற்கரையில் வெளிநாட்டவர்களுக்கு விடுதி கட்டத் தொடங்கிய காலம் அது. இலைக்காக வந்தேன் என்று நான் சொன்னதை நம்பியவர்கள் குறைவு.

அன்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். முற்றத்தில் பழைய பத்திரிகையை விரித்து இலைகளைப் பரப்பிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ராத்தா போட்ட சத்தத்தில் சொல் எதுவும் இருக்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் பிள்ளை பாயில் கிடந்தாள். கண்கள் மேலே சொருகி, கையும் காலும் விட்டு விட்டு இழுத்தன. ஒன்றரை வயதுப் பிள்ளை. நாலைந்து நாளாகச் சளி இருந்ததே தவிரக் காய்ச்சல் இல்லை.

ராத்தாவின் கணவர், என் மச்சான், கிழிந்த வலையைப் பொத்துவதை அப்படியே போட்டுவிட்டு வந்தார். அடுத்த வீட்டு முச்சக்கரவண்டியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகிற வழியிலேயே இழுப்பு நின்றுவிட்டது. ஆனால் பிள்ளை துவண்டுபோய், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஓர் இளம் சிங்கள டொக்டர். பிள்ளையின் வாயருகே குனிந்து மணந்து பார்த்தார். பிறகு ராத்தாவைப் பார்த்து, “கபுரு துன்னத?” என்றார்.

கற்பூரம் கொடுத்தீர்களா என்று கேட்கிறார். மச்சான் மீன் வியாபாரத்துக்குச் சிலாபம்வரை போய்வருபவர், அவருக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி. அவர் ராத்தாவைப் பார்த்தார்.

“கற்பூரம் இல்ல,” என்றாள் ராத்தா. “கற்பூரவள்ளி எண்ணை. சளிக்கு. தேன்ல கலந்து கொஞ்சம் குடுத்த.”

மச்சான் அதைச் சிங்களத்தில் சொன்னார். டொக்டர் தலையை ஆட்டிவிட்டு என்னவோ எழுதினார். கற்பூரம் உள்ளே போனால் சின்னப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் வலிப்பு வரும், அந்தப் போத்தலை இனித் தொடவேண்டாம் என்றார். பிள்ளையை இரண்டு நாள் வாட்டில் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் காலையில் எழுந்து பாண் துண்டைக் கேட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு மச்சான் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

எனக்கு மட்டும் ஒரு விஷயம் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. கற்பூரவள்ளிக்குப் பெயரில்தான் கற்பூரம். அந்த மணத்தைத் தருவது கார்வக்ரோல், தைமோல் என்ற இரண்டு பொருட்கள். கற்பூரம் வேறு மரத்தில் கிடைக்கும் வேறு பொருள். அதுவரை நான் பரிசோதித்த இலைகள் ஒன்றிலும் அது பெயருக்குக்கூட இருக்கவில்லை. அப்படியானால் பிள்ளையின் வாயில் கற்பூர மணம் எங்கிருந்து வந்தது?

வீட்டுக்கு வந்ததும் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தேன். மூக்கைக் குத்தியது. சந்தேகத்துக்கு இடமில்லாத கற்பூரம்.

அந்த எண்ணெயைச் செய்தவர் ஆலங்குடாவில் இருந்த ஒரு பெண். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த முஸ்லிம் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். மன்னார்ப் பக்கம். கணவர் இல்லை. தேங்காயெண்ணெயில் கற்பூரவள்ளி இலையைப் போட்டுச் சின்ன நெருப்பில் காய்ச்சி, சிறிய போத்தல்களில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுப்பார். வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் எங்கள் பக்கத்தில் அவர்களை அகதிகள் என்றுதான் சொல்வோம். அந்தச் சொல்லை நானும் யோசிக்காமல் சொல்லியிருக்கிறேன். போத்தலைக் கையில் வைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்த நினைப்பும் அதுதான். வந்த ஆட்கள், என்னத்தைக் கலந்தார்களோ.

போத்தலைப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினேன்.

ஆய்வுகூடத்தில் எண்ணெயை ஆவியில் வடித்து, மணத்தைத் தரும் பகுதியை மட்டும் பிரித்தேன். பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் ஓர் இயந்திரம் அங்கே இருந்தது. ஒவ்வொரு பொருளும் அதனதன் நேரத்தில் வெளியே வரும். வரும்போது தாளில் ஒரு முனை எழும்பும். தைமோலும் கார்வக்ரோலும் அவற்றுக்குரிய இடத்தில் எழும்பின. அவற்றுக்கு முன்னால், இருக்கவே கூடாத இடத்தில், எல்லாவற்றையும் விட உயரமாக ஒரு முனை. தூய கற்பூரத்தைத் தனியாகச் செலுத்திப் பார்த்தேன். அதே இடம்.

வழக்கமாக என் இலைகளுக்குச் செய்யும் மற்றச் சோதனையையும் செய்தேன். ஊதா நிறத்தில் ஒரு திரவம் இருக்கிறது. ஒட்சிசன் சேர்ந்து பொருள் கெடும் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் சக்தி உள்ள பொருளைச் சேர்த்தால் ஊதா வெளிறி மஞ்சளாகும். எவ்வளவு வெளிறுகிறதோ அவ்வளவு சக்தி. அந்தப் போத்தலிலிருந்து பிரித்தெடுத்ததை ஊற்றியதும் நன்றாக வெளிறியது. அதைக் கொப்பியில் குறித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. என் மனம் முழுவதும் அந்த உயரமான முனையில்தான் இருந்தது.

மச்சானுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

“உறுதியா?” என்றார்.

“ஓம் மச்சான். மெஷினே காட்டுது.”

அவ்வளவுதான் நான் செய்தது. மிச்சத்தை மச்சான் செய்தார். தன் பிள்ளைக்கு நடந்ததைக் கடை கடையாகச் சொன்னார். கோபத்தில் சொன்னார், அவரை நான் குறைசொல்ல முடியாது. கெம்பஸ் மெஷினில் பிடிபட்டது என்ற கதை கண்டக்குழியிலிருந்து கல்பிட்டிவரை போனது. இரண்டு வாரத்தில் அந்தப் போத்தல் எந்தக் கடையிலும் இல்லை.

அடுத்தமுறை ஊருக்கு வந்தபோது நான் தனியாக அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். கற்பூரம் வைத்திருக்கிறாரா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். யாரென்று சொல்லாமல், எண்ணெய் வாங்க வந்தவள் போல வாசலில் நின்றேன்.

ஓலை வேலிக்குள் பாத்தி பாத்தியாகக் கற்பூரவள்ளி. மணலில் இலைக்குப்பையும் சாணமும் போட்டுச் செழிப்பாக வளர்த்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். தலையில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

“எண்ணெய் இல்லை மகள். இப்ப காய்ச்சிறதில்லை.”

“எப்படிக் காய்ச்சிறீங்க சாச்சி? பாக்க ஏலுமா?”

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் ஒன்று இருந்தது. நான் அந்தப் பக்கம் இரண்டடி வைத்ததும் அவர் முன்னால் வந்து நின்றார்.

“அங்க ஒண்டும் இல்லை. போகவேண்டாம்.”

“சும்மா பாக்கத்தான்.”

“வேண்டாம் எண்டு சொல்லுறன்தானே.”

அவருடைய கண் என் பையிலும் கொப்பியிலும் இருந்தது. கொட்டில் வாசலில் ஒரு பழைய சாக்கு தொங்கியது. காற்றில் அது அசைந்தபோது அவர் கையால் பிடித்து மூடினார். எனக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மறைக்க ஒன்றும் இல்லாதவர் ஏன் சாக்கைப் பிடிக்கிறார்? கற்பூரப் பெட்டிகள் அதற்குள்தான் அடுக்கியிருக்கின்றன என்று முடிவுசெய்துகொண்டு திரும்பினேன். வீட்டிலும் அப்படியே சொன்னேன். ராத்தா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். இன்னொரு விறகை உள்ளே தள்ளினாள்.

பல்கலைக்கழகத்தில் என் ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த மிஸ்ஸிடம் இதையெல்லாம் ஒருவிதப் பெருமையோடுதான் சொன்னேன். அவர் தாள்களை மேசையில் விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எத்தனை போத்தல் செய்து பாத்தீங்க?”

“ஒண்டு மிஸ்.”

“திறந்த போத்தலா, திறக்காததா?”

“திறந்தது.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் கொப்பியில் ஊதா திரவத்தின் வாசிப்பைக் காட்டினார்.

“இது கற்பூரத்தால வந்ததா?”

இல்லை. கற்பூரத்துக்கு ஊதாவை வெளிற வைக்க முடியாது. அந்த வேலையைச் செய்யும் அமைப்பு கார்வக்ரோலிலும் தைமோலிலும் இருக்கிறது, இலையிலுள்ள ரோஸ்மரினிக் அமிலத்தில் இருக்கிறது, கற்பூரத்தில் இல்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

“அப்ப இவ்வளவு இலை போட்டிருக்கிறா,” என்றார் மிஸ். “ஏமாத்திற ஆள் இலையைக் குறைச்சுப்போட்டுக் கற்பூரத்தாலதான் மணத்தைக் கூட்டுவா. இலையை இப்பிடி அள்ளிப் போட்டவவுக்குக் கற்பூரம் என்னத்துக்கு?”

எனக்குக் காது சுட்டது. திறக்காத போத்தல் ஒன்று கொண்டுவரும்படி சொன்னார்.

அது லேசாகக் கிடைக்கவில்லை. நாங்களே எல்லாவற்றையும் கடைகளிலிருந்து எடுக்க வைத்திருந்தோமே. கடைசியில் நரக்கல்லிப் பக்கத்தில் ஒரு கடைக்காரர், திருப்பிக் கொடுப்பதற்காகப் பின்னறையில் ஒதுக்கி வைத்திருந்த பெட்டியிலிருந்து மூன்று போத்தல்களை எடுத்துக் கொடுத்தார். மூடியில் ஒட்டிய தாள் கிழியாமல் இருந்தது. மூன்றையும் செய்து பார்த்தேன். தைமோல் இருந்தது, கார்வக்ரோல் இருந்தது. கற்பூரத்தின் இடத்தில் கோடு நேராகப் போனது. இன்னொரு முறை செய்தேன். நேராகத்தான் போனது.

அன்றிலிருந்து சந்தேகம் திசை மாறியது. போத்தல் அந்தப் பெண்ணின் கையைவிட்டுப் போன பிறகு யாரோ கற்பூரத்தைப் போட்டிருக்கிறார்கள். யார்? ராத்தாவுக்கு அதை விற்ற கடைக்காரரா? அவருக்கு அதனால் என்ன கிடைக்கும்? மச்சான் மீது ஒருநாள் முழுக்கச் சந்தேகப்பட்டேன். கடலுக்குப் போய்வந்தால் முதுகு வலிக்குச் சூடான எண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தேய்ப்பவர். அந்தப் போத்தலிலேயே கரைத்திருப்பாரோ? ஊருக்கு வரும் பஸ்ஸில் மனதுக்குள் ஒவ்வொருவராக நிறுத்தி வைத்து விசாரித்துக்கொண்டே வந்தேன். ஒரு முகத்தை மட்டும் நிறுத்தவில்லை. பாலாவியில் பஸ் நின்றபோதுதான் அது எனக்கே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டதும் ராத்தா “இல்ல” என்று சொன்ன வேகம் நினைவுக்கு வந்தது.

நான் போனபோது ராத்தா பின்வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை பக்கத்தில் சிரட்டையை வைத்து மண் அள்ளிக்கொண்டிருந்தாள். மச்சான் கடலில்.

“ராத்தா, திறக்காத போத்தல் மூண்டு செஞ்சு பாத்த. ஒண்டுலயும் கற்பூரம் இல்ல.”

அவள் கத்தியை நிறுத்தினாள். தலையை உயர்த்தவில்லை.

“நம்மட போத்தல்ல மட்டும்தான் இரிந்திச்சி,” என்றேன்.

வெட்டிக்கொண்டிருந்த மீனைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தாள். கையிலிருந்த மீனின் இரத்தம் விரல் வழியாக முழங்கைவரை வந்தது.

“மணம் காணல்ல,” என்றாள் பிறகு. “கற்பூரவள்ளிண்டு பேர் போட்டிரிக்கி, கற்பூரம் மணக்கவே இல்ல. அவ நம்மள ஏமாத்துறாண்டு நெனச்ச. உம்மாட ஜனாஸாவ குளிப்பாட்ட வாங்கினதுல மிஞ்சின கற்பூரக்கட்டி அலுமாரில இரிந்திச்சி. அதுல ரெண்டு போட்ட. புள்ளைக்கிச் சளி இளகட்டும்ண்டுதான்.”

“டொக்டர் கேட்டாரே ராத்தா.”

“அவர் கேட்டப்பதான் எனக்கு வெளங்கிச்சி நான் என்ன செஞ்சிரிக்கண்டு. அந்த நேரம் எப்பிடிச் சொல்ற? மச்சான் நிக்கிறார், நீ நிக்கிறாய்.”

பிறகு அழுதாள். சத்தமில்லாமல், வெட்டின மீன் சட்டிக்கு மேலே குனிந்தபடி. எனக்குக் கோபம் வந்தது, அதே நேரம் அவளைத் தொடவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் நின்றேன். அந்தப் பெண் கற்பூரம் இல்லாமல் ஏமாற்றுகிறார் என்று ராத்தா சந்தேகப்பட்டாள். கற்பூரம் கலந்து ஏமாற்றுகிறார் என்று நான் சந்தேகப்பட்டேன். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர், ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு குற்றத்துக்காக.

அன்று மாலை ராத்தா மச்சானிடம் சொன்னாள். அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். மூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை, அதன்பிறகும் அவளிடம் சோறு கேட்கவில்லை.

நான் மறுநாளே ஆலங்குடாவுக்குப் போனேன். இந்த முறை யாரென்று சொன்னேன். வலிப்பு வந்த பிள்ளையின் தாய்க்குத் தங்கை நான்தான், மெஷினில் பார்த்துச் சொன்னவளும் நான்தான், முதல்முறை எண்ணெய் வாங்க வந்ததாகச் சொன்னது பொய் என்றேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டார். தான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, “பிள்ளைக்கு இப்ப சுகமா?” என்றார்.

“ஓம் சாச்சி.”

“அல்ஹம்துலில்லாஹ்.”

பிறகு எழும்பி வரச்சொல்லி, கொட்டிலின் சாக்கை விலக்கினார். ஒரு பெரிய சட்டி, தேங்காயெண்ணெய்க் கேன், வடிகட்டும் துணி. சுவரோரம் அடுக்கியிருந்தது கண்டல் விறகு. உப்பங்கழிக் களப்போரத்துச் சேற்றில் வளரும் கண்டல் மரத்தை வெட்டக்கூடாது என்று சட்டம்.

“பையும் கொப்பியுமா வந்தீங்க. விறகு பிடிக்கிற அரசாங்கக் கந்தோரால அனுப்பின ஆளெண்டு நினைச்சன். பிடிச்சுக்கொண்டு போயிட்டா நான் என்ன செய்யிறது?” என்றார். சிரிக்கவில்லை. “நீங்க என்னைப் பாத்து நினைச்சீங்க, நான் உங்களைப் பாத்து நினைச்சன். ஆனா உங்கட நினைப்புக்கு எல்லாரும் காது குடுத்தாங்க.”

நான் சாக்கைத் திரும்ப இழுத்து மூடினேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். கடைக்காரர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும். நானும் மச்சானும் போனோம். ஆனால் நாங்கள் அங்கே முழு உண்மையைச் சொல்லவில்லை. பரிசோதனையில் பிழை நடந்துவிட்டது, எண்ணெய் நல்லது என்று மட்டும் சொன்னோம். ராத்தாவின் பெயர் கெட்டுவிடக்கூடாது என்று நினைத்தோம். ஒரு கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“அண்டைக்கி மெஷின் பிழையா சொல்லிச்சிண்டா, இண்டைக்கி சரியா சொல்லுதுண்டு எப்பிடி நம்புற?”

யாரும் போத்தலை விற்பனைக்குத் திரும்ப எடுக்கவில்லை. அந்தப் பெண் எங்களுக்கு ஏதோ கொடுத்து வாயை அடைத்துவிட்டார் என்றும் ஒரு கதை கிளம்பியது. நாங்கள் சரிசெய்யப் போய் அவர் மீது இன்னொரு சந்தேகத்தை ஏற்றிவிட்டு வந்திருந்தோம்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது ராத்தா கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் கிளினிக் நாள். சின்னப் பிள்ளைகளை நிறுக்க, ஊசி போடத் தாய்மார் கூடும் நாள். ராத்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். என்னையும் வரச்சொன்னாள். வழியில் ஒன்றும் கதைக்கவில்லை.

வாங்குப் பலகைகளில் இருபது முப்பது பெண்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவில், சரியாக மருத்துவிச்சியின் மேசைக்கு முன்னால் ராத்தா போய் நின்றாள். அவளுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லை. பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“எண்ட புள்ளைக்கி வலிப்பு வந்தது அந்த எண்ணையால இல்ல. நான்தான் அதுல கற்பூரம் போட்ட. மணம் இல்லண்டு போட்ட. காய்ச்சின பொம்புள மேல ஒரு பிழையும் இல்ல. நீங்க யாரும் அப்பிடிச் செய்ய வாணாம்.”

மருத்துவிச்சி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு பெண், மடியில் கைக்குழந்தையோடு, மெதுவாகச் சொன்னாள்:

“நானும் போடுற. குடிக்கக் குடுக்கல்ல, மூக்குல தடவுற.”

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் தலையாட்டினாள். அவளுடைய மாமி போடச் சொன்னாராம். மருத்துவிச்சி அந்த இரண்டு பேரையும் முன்னால் கூப்பிட்டு, கற்பூரத்தைச் சின்னப் பிள்ளைகளின் மூக்கிலும் வாயிலும் ஏன் வைக்கக்கூடாது என்று விளங்கப்படுத்தத் தொடங்கினார். அன்று பிள்ளைகளை நிறுத்து முடிக்க நடுப்பகல் லுஹர் தொழுகை நேரம் தாண்டிவிட்டது.

ராத்தாவைப் பற்றி ஊரில் கதைத்தார்கள்தான். சொந்தப் பிள்ளைக்கு இப்படிச் செய்தவள் என்று சிலர் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். அவள் தாங்கிக்கொண்டாள். கிளினிக் நாள் இரவே மச்சான் அவளிடம் சோறு போடச் சொல்லிக் கேட்டார்.

ஒரு மாதத்துக்குள் நாலு கடைகள் போத்தலைத் திரும்ப எடுத்தன. நரக்கல்லிக்காரர் முதலில் எடுத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தவர் கடைசிவரை எடுக்கவில்லை. என் ஆய்வு முடிந்தது. கரை இலையும் எலுவன்குளத்து இலையும் ஊதாவை ஏறக்குறைய ஒரே அளவில்தான் வெளிறச் செய்தன. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் கிடைக்கவில்லை. அப்படியே எழுதிக் கொடுத்தேன். மிஸ் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பெண் சில வருடங்களுக்குப் பிறகு மன்னார்ப் பக்கம் தன் காணிக்கே திரும்பிப் போனார். போகுமுன் ராத்தா அவரைப் பார்க்கப் போயிருந்தாள். இருவரும் என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது வேரோடு பிடுங்கி ஈரச்சாக்கில் சுற்றிய நாலு செடிகளைக் கொண்டுவந்தாள். ஒன்று மணலில் பட்டுப்போனது. மற்ற மூன்றும் கிணற்றடியில் தழைத்தன.